புத்தருக்கு நாகம் குடை பிடித்தது நடந்த கதையா, உருவகமா? பினாங்கிலிருந்து ஒரு விளக்கம்

ஜார்ஜ்டவுன், புலாவ் தீக்குஸ் பகுதியில் லோரோங் பர்மா என்று ஒரு சின்ன சாலை இருக்கு. ஒரு பக்கம் தாய்லாந்து பௌத்தக் கோயிலான வாட் சாயாமங்களாராம். நேர் எதிரே பர்மியக் கோயிலான தம்மிகாராமா. தாய் கோயில் 1845-இல் அமைக்கப்பட்டது. பர்மியக் கோயில் அதைவிட மூத்தது, 1803-இல் தொடங்கியது.

தாய் கோயிலில் நாகங்களும் யட்சர்களும் காவல் நிற்க, உள்ளே 33 மீட்டர் நீளத்துக்குப் புத்தர் சாய்ந்து படுத்திருக்கிறார். எதிர்க்கோயிலில் பஞ்சரூபா என்ற காவல் உருவம் இருக்கு. ஐந்து விலங்குகளின் உறுப்புகள் ஒன்றாகச் சேர்ந்த உருவம் அது.

நண்பர்களோட அங்கே போயிருந்தீங்கன்னா, இந்தப் பேச்சு கண்டிப்பா வந்திருக்கும். ஒருத்தர், "இதெல்லாம் நிஜமா நடந்துச்சா?" என்று கேட்பார். இன்னொருத்தர், "எல்லாம் சும்மா சிம்பாலிக் லா" என்று முடித்துவிடுவார். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

ஆனா இந்தக் கேள்வி அவ்வளவு சீக்கிரம் முடியற கேள்வி இல்லை. தியானம் செய்யப் போறவங்களுக்கு இதில் உடல்நலம் சம்பந்தப்பட்டிருக்கு. இலங்கையில் உறவுகள் உள்ள தமிழர்களுக்கு இதில் அரசியலும் வரலாறும் சம்பந்தப்பட்டிருக்கு. வீட்டில் பாட்டியோடு சாமி அறையில் நிற்கும் யாருக்கும் இதில் மரியாதை சம்பந்தப்பட்டிருக்கு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நாகக் கதை என்ன சொல்லுது?

புத்தர் ஞானம் பெற்ற பிறகு சில வாரங்கள் மரத்தடிகளிலேயே தியானத்தில் இருந்தார். அப்போது பருவம் தப்பிய பெருமழை. ஏழு நாள் விடவே இல்லை. முசலிந்தன் என்ற நாகராஜன் வெளியே வந்து, தன் உடலால் அவரை ஏழு சுற்றுச் சுற்றி, தலைக்கு மேலே படத்தை விரித்துக் காத்தான். மழை விட்டதும் ஓர் இளைஞனாக உருமாறி, கைகூப்பி நின்றான். பாலி நூல்களில் வரும் கதை இது. தாய், கம்போடிய, லாவோ கோயில்களில் நீங்க பார்க்கும் நாகப் புத்தர் சிலைகளுக்கு இதுதான் அடிப்படை.

இதை மூன்று விதமாக வாசிக்கலாம்.

முதலாவது, அப்படியே எடுப்பது. நாகர்கள் என்ற உயிரினம் இருக்கு, அன்றைக்கு அது நடந்தது. மரபான தேரவாத உலகப் பார்வையில் உயிர்கள் பிறக்கும் 31 தளங்கள் உண்டு. மனிதர் வாழும் தளம் அவற்றில் ஒன்றுதான்.

இரண்டாவது, உருவகமாக எடுப்பது. மழை என்பது வெளியுலகத் தொல்லை. பாம்பு என்பது மனிதனின் பழைய பயம். மனம் அமைதியானவருக்கு அந்தப் பயமே குடையாக மாறுது.

மூன்றாவது, அடுக்கடுக்காக எடுப்பது. நாகம் என்ற சொல்லுக்குப் பின்னால் நாக வழிபாடு செய்த மக்கள் இருந்திருக்கலாம். புத்தர் வழிக்கு அந்த மக்கள் வந்ததை, நாகம் கைகூப்பிய கதையாக மரபு நினைவில் வைத்திருக்கலாம். வரலாற்று ஆய்வாளர்கள் பலர் இந்தப் பக்கம் சாய்கிறார்கள்.

நமக்கு இது புதுசு இல்லை. திருமந்திரத்தில் திருமூலர், சிவன் முப்புரம் எரித்த கதையை மும்மலங்களை எரிப்பதாக விளக்குகிறார். மூன்று ஊர்களைத்தான் எரித்தார் என்று மட்டும் புரிந்துகொள்பவர்களைக் கடிந்தும் பேசுகிறார். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறும் கூட்டத்தில், முருகன் கையில் இருக்கும் வேல் ஞானம் என்று சொல்பவர்களும் இருக்காங்க, வேல் வேல்தான் என்று சொல்பவர்களும் இருக்காங்க. இருவரும் ஒரே படியில்தான் ஏறுறாங்க.

பாம்பு நிஜம், கதை வேற

பினாங்கிலேயே இதற்கு இன்னொரு எடுத்துக்காட்டு இருக்கு. பாயான் லெப்பாஸில் உள்ள பாம்புக் கோயில், சோர் சூ கோங் என்ற சீனத் துறவியின் பெயரில் கட்டப்பட்டது. அவர் காட்டுப் பாம்புகளுக்கு அடைக்கலம் கொடுத்தார், அதனால் கோயில் எழுந்ததும் பாம்புகள் தாமாகவே வந்து சேர்ந்தன என்பது ஐதீகம்.

முசலிந்தனை நாம் பார்க்க முடியாது. ஆனா இங்கே கிளைகளில் சுருண்டு கிடக்கும் விரியன் பாம்புகளைக் கண்ணால் பார்க்கலாம். விஷமுள்ள வகை அது. ஊதுபத்திப் புகையில் அவை சாதுவாகிவிடும் என்று பலரும் சொல்வாங்க. பகலில் அசையாமல் கிடப்பது அந்தப் பாம்பின் இயல்பும்கூட.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கு. பாம்பு நிஜமாக இருப்பதால் கதை நிஜமாகிவிடாது. அதே மாதிரி, கதைக்கு ஆதாரம் இல்லை என்பதால், எல்லா உயிருக்கும் இடம் கொடுக்கணும் என்று அது சொல்லும் பொருள் பொய்யாகிவிடாது. "நடந்ததா?" என்பது ஒரு கேள்வி. "என்ன சொல்லுது?" என்பது வேறு கேள்வி. இரண்டையும் கலந்துவிட்டால்தான் சண்டை.

மாரன்: உருவகம் நேற்று வந்தது இல்லை

"பழைய காலத்து ஆட்கள் எல்லாத்தையும் அப்படியே நம்பினாங்க, நாமதான் இப்போ உருவகமாகப் புரிஞ்சுக்குறோம்" என்று ஒரு எண்ணம் இருக்கு. பௌத்த நூல்களைத் திறந்தால் அது சரியில்லை என்பது தெரியும்.

புத்தரின் தவத்தைக் கலைக்க வந்த மாரனை எடுத்துக்குவோம். கோயில் சுவர் ஓவியங்களில் அவன் யானை மேல் வருவான். ஆயிரம் கைகள், கைக்கொரு ஆயுதம், பின்னால் பெரும்படை. இது பிற்கால உரைகளில் விரிவாக வரும் காட்சி.

அதைவிடப் பழமையானதாகக் கருதப்படும் சுத்தநிபாதம் என்ற தொகுப்பில் மாரனின் படை எப்படி வருது தெரியுமா? முதல் படை காமம். இரண்டாவது மனம் ஒட்டாத சலிப்பு. மூன்றாவது பசியும் தாகமும். நான்காவது வேட்கை. ஐந்தாவது சோம்பலும் தூக்கமும். ஆறாவது பயம். ஏழாவது சந்தேகம். பட்டியல் இன்னும் போகுது. படைவீரர் யாருக்கும் கைகால் கிடையாது, எல்லாமே மனநிலைகள்.

அதாவது உருவக விளக்கம் பழைய அடுக்கிலேயே இருக்கு. ஆயிரம் கை மாரன்தான் பின்னால் வந்து வளர்ந்தவன். மாரனின் மகள்களின் பெயர்களைக் கேட்டாலும் இது புரியும்: வேட்கை, சலிப்பு, மோகம்.

மரபு இந்த இரண்டில் ஒன்றைத் தூக்கி எறியவும் இல்லை. உரையாசிரியர்கள் மாரனை ஐந்தாகப் பிரித்தார்கள். மன அழுக்குகள் ஒரு மாரன். உடலும் மனமும் சேர்ந்த இந்தக் கூட்டு ஒரு மாரன். வினை ஒரு மாரன். சாவு ஒரு மாரன். இவற்றோடு, தேவலோகத்தில் வாழும் தேவபுத்திரனான மாரனும் ஒருவன். நான்கு உருவகம், ஒன்று நேர்ப்பொருள். எல்லாம் ஒரே பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில்.

இதுக்கும் தியானத்துக்கும் என்ன சம்பந்தம்?

பாலி நூல்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு காட்சி உண்டு. மாரன் ஏதோ ஒரு வேடத்தில் வருவான். புத்தரோ ஒரு பிக்குணியோ அவனை அடையாளம் கண்டுகொண்டு, நீ யார் என்று எனக்குத் தெரியும் என்ற பொருளில் சொல்வார். அவ்வளவுதான். சண்டை இல்லை, மந்திரம் இல்லை. தன்னைக் கண்டுகொண்டார்கள் என்று தெரிந்ததும் மாரன் வாடிப்போய் மறைந்துவிடுவான்.

இப்போ இதைத் தியானப் பயிற்சியோடு சேர்த்துப் பாருங்க. பினாங்கில் ஜாலான் மஸ்ஜிட் நெகிரியில் மலேசிய பௌத்தத் தியான நிலையம் இருக்கு. பர்மாவின் மகாசி சயாதோ, 1904 முதல் 1982 வரை வாழ்ந்தவர், பரப்பிய விபஸ்ஸனா முறையைக் கற்றுத் தரும் இடம் அது.

அந்த முறையின் அடிப்படை எளிமையானது. மூச்சு விடும்போது வயிறு எழுவதையும் தாழ்வதையும் கவனிக்கணும். மனம் வேறு எங்கேயோ போனால், அதையும் கவனித்து மனசுக்குள் ஒரு சொல்லால் குறிக்கணும். கோபம் வந்தால் "கோபம், கோபம்". வலி வந்தால் "வலி, வலி". யோசனை ஓடினால் "யோசனை". விரட்டக் கூடாது, அதோடு சேர்ந்து ஓடவும் கூடாது. பார்த்துப் பெயர் சொன்னால் போதும்.

மாரனைப் பார்த்துப் பெயர் சொன்னதும் அவன் மறைவதும், கோபத்தைப் பார்த்துப் பெயர் சொன்னதும் அது தளர்வதும் ஒரே வேலைதான். இந்த இடத்தில் புராணம் பயிற்சிக் குறிப்பாகவே மாறிவிடுது. மாரன் தேவலோகத்தில் இருக்கானா இல்லையா என்று முடிவு செய்யாமலேயே நீங்க அந்தக் குறிப்பைப் பயன்படுத்தலாம்.

தியானத்தில் வெளிச்சம் தெரிந்தால்?

நேர்ப்பொருளா உருவகமா என்ற கேள்வி கோயில் சுவரில் மட்டும் இல்லை. கண்ணை மூடி உட்கார்ந்ததும் உங்களுக்குள்ளேயே வந்துவிடும். மூச்சை ரொம்ப நேரம் கவனிக்கிறவங்களில் சிலருக்கு வெளிச்சம் தெரியும். சிலருக்கு உடல் மிதப்பது போல இருக்கும். உடனே மனசு கேட்கும்: "இது என்ன? நான் ஏதாவது நிலையை அடைஞ்சிட்டேனா?"

5-ஆம் நூற்றாண்டில் இலங்கையின் அனுராதபுரத்தில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் என்ற நூல் இதற்கு நிதானமாகப் பதில் சொல்லுது. மூச்சுத் தியானத்தில் மனதில் எழும் குறி, ஒருத்தருக்கு நட்சத்திரம் போல இருக்கும், இன்னொருத்தருக்கு முத்து போல, வேறொருத்தருக்குப் பஞ்சு போல. ஏன் இந்த வேறுபாடு? ஒவ்வொருவரின் மனப்பதிவு வேறு என்பதுதான் காரணம் என்கிறார் அவர்.

அதற்கு அவர் சொல்லும் உவமையும் அழகானது. பிக்குகள் பலர் சேர்ந்து ஒரே சூத்திரத்தை ஓதுறாங்க. முடித்ததும், அது உங்களுக்கு எப்படித் தோன்றியது என்று கேட்டால், ஒருவர் மலையருவி என்கிறார், ஒருவர் காடு என்கிறார், ஒருவர் நிழல் தரும் பெரிய மரம் என்கிறார். சூத்திரம் ஒன்றுதான்.

ஆக, வெளிச்சம் தெரிந்தது என்பது உங்கள் அனுபவம் என்ற அளவில் உண்மை. வெளியே ஒரு விளக்கு எரிந்தது என்று அதற்குப் பொருள் இல்லை. மற்றவரைவிட நீங்க உயர்ந்துவிட்டீங்க என்பதற்கும் அது சான்று இல்லை.

அதே நூலில் பறப்பது, நீரில் நடப்பது போன்ற சித்திகளைப் பற்றியும் ஓர் அத்தியாயம் உண்டு. புத்தகோசர் அவற்றை நேர்ப்பொருளிலேயே எழுதுகிறார். கூடவே ஒரு எச்சரிக்கையும் வைக்கிறார். பயிற்சியின் ஒவ்வொரு படியையும் நூற்றில் ஒருவரோ ஆயிரத்தில் ஒருவரோதான் தாண்ட முடியும், அடுத்த படிக்கு மறுபடியும் அதே கணக்கு. படித்து முடிக்கும்போது, பறப்பேன் என்று யாரும் கிளம்ப மாட்டாங்க.

"எனக்குச் சக்தி இருக்கு" என்பவரை எப்படி எடுத்துக்கொள்வது?

இதில் பௌத்த ஒழுக்க நூலான விநயம் ரொம்பக் கறாரானது. அடையாத ஞான நிலையை அடைந்துவிட்டதாகத் தெரிந்தே பொய் சொல்லும் பிக்கு, சங்கத்திலிருந்தே நீங்க வேண்டும். அது கொலைக்கு இணையான வரிசையில் வைக்கப்பட்ட குற்றம். உண்மையாகவே அடைந்திருந்தாலும், துறவு பெறாத மக்களிடம் அதைச் சொல்லிக்கொள்வதும் தவறுதான்.

இதற்கு ஒரு கதையும் இருக்கு. ஒரு செல்வர் சந்தனக் கிண்ணம் ஒன்றை உயரத்தில் கட்டித் தொங்கவிட்டு, சித்தி உள்ளவர் எடுத்துக்கொள்ளலாம் என்றார். பிண்டோல பாரத்வாஜர் என்ற பிக்கு பறந்து போய் எடுத்தார். ஊரே ஆரவாரம் செய்தது. புத்தர் அவரைக் கண்டித்தார், கிண்ணத்தை உடைக்கச் சொன்னார், மக்கள் முன் இப்படிச் சித்து காட்டக் கூடாது என்று விதி வைத்தார்.

கதையில் பறந்தது நிஜமா என்று நீங்க எப்படி முடிவு செய்தாலும், கடைசியில் கிடைக்கும் விதி ஒன்றுதான். சக்தியைக் காட்டி ஆள் சேர்ப்பவரிடம் எச்சரிக்கையாக இருங்க.

உடல்நலத்துக்கும் இதில் இடம் உண்டு. பல நாள் தொடர்ந்து செய்யும் தியான முகாம்களில் சிலருக்குத் தூக்கம் கெடலாம், கடும் பயம் வரலாம், இல்லாத குரல் கேட்கலாம். இதை அப்படியே எடுப்பவர், "ஏதோ சக்தி வந்திருக்கு" என்பார். உருவகமாக எடுப்பவர், "நான் என்ற எண்ணம் கரையுது, நல்லதுதான்" என்பார். இரண்டு பதிலுமே மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடும். அப்படி ஏதாவது நடந்தால் பயிற்சியை நிறுத்துங்க, சொல்லித் தரும் ஆசிரியரிடம் மறைக்காமல் சொல்லுங்க, மருத்துவரைப் பாருங்க. பொருள் தேடுவதை அப்புறம் வச்சுக்கலாம்.

ஒரே சொல், இரண்டு மொழி

20-ஆம் நூற்றாண்டில் உருவக வாசிப்பை மிக வெளிப்படையாக முன்வைத்தவர்களில் ஒருவர் தாய்லாந்தின் புத்ததாச பிக்கு. 1906-இல் பிறந்து 1993-இல் மறைந்தவர். 1932-இல் தென் தாய்லாந்தில் சுவான் மொக் என்ற வனக் கோயிலைத் தொடங்கினார்.

மனித மொழி, தம்ம மொழி என்று இரண்டாகப் பிரித்தார் அவர். மனித மொழியில் நரகம் என்பது செத்த பிறகு போகும் இடம். தம்ம மொழியில் நரகம் என்பது இப்போதே மனம் வெந்து துடிக்கும் நிலை. மனித மொழியில் பிறப்பு என்பது தாய் வயிற்றிலிருந்து வருவது. தம்ம மொழியில் "நான்", "எனது" என்ற எண்ணம் தலைதூக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பிறப்பு. ஒரே நாளில் நூறு தடவை பிறந்து நூறு தடவை சாகலாம்.

தாய்லாந்திலேயே இதற்குக் கடும் எதிர்ப்பு கிளம்பியது. புத்தகோசர் காலத்திலிருந்து வரும் விளக்கப்படி, வினைச் சங்கிலி முற்பிறவி, இப்பிறவி, மறுபிறவி என மூன்று பிறவிகளில் ஓடுது. அதை ஒரே நொடிக்குள் அடக்கினால் மரபின் அடித்தளமே ஆடும் என்றார்கள் எதிர்ப்பாளர்கள். அந்த விவாதம் இன்னும் முடிந்துவிடவில்லை.

அம்பேத்கரும் அயோத்திதாசரும்

புத்தரின் வாழ்க்கைக் கதையில் எல்லாருக்கும் தெரிந்த பகுதி, அரண்மனையை விட்டு வெளியே வந்த இளவரசர் முதியவர், நோயாளி, பிணம், துறவி ஆகியோரை முதன்முதலாகப் பார்த்தது. அதன் பிறகுதான் துறவு பூண்டார் என்று பாடப்புத்தகங்களும் சொல்லுது.

டாக்டர் அம்பேத்கர் இதை ஏற்கவில்லை. அவர் மறைந்த பிறகு 1957-இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில், 29 வயது வரை ஒருவர் முதுமையையும் சாவையும் பார்க்காமலேயே இருந்திருக்க முடியுமா என்ற கேள்வியை முன்னுரையிலேயே எழுப்புகிறார். அதற்குப் பதிலாக, ரோகிணி ஆற்று நீருக்காகச் சாக்கியருக்கும் கோலியருக்கும் நடந்த தகராறில் போரை எதிர்த்ததால் சித்தார்த்தர் வெளியேற நேர்ந்தது என்று எழுதினார்.

இது வெறும் நூல் விவாதம் இல்லை. 1956 அக்டோபர் 14-ஆம் தேதி நாக்பூரில் அவரோடு லட்சக்கணக்கானோர் பௌத்தம் தழுவினார்கள். சாதியால் ஒதுக்கப்பட்ட மக்களுக்கு, அநியாயத்துக்கு எதிராக முடிவெடுத்த ஒரு மனிதர் வழிகாட்டியாகத் தேவைப்பட்டார். அதிசயக் கதையைக் கழற்றிவிட்டால்தான் அந்த மனிதர் தெரிவார் என்று அம்பேத்கர் நினைத்தார்.

தமிழகத்தில் அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அயோத்திதாச பண்டிதர் வேறொரு வழியில் போனார். 1898-இல் பௌத்தம் தழுவி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழை நடத்த ஆரம்பித்தார். நாம் கொண்டாடும் பண்டிகைகளின் புராணங்களுக்கு அடியில் மறைந்துபோன பௌத்த வரலாறு இருப்பதாக வாதாடினார். அவர் சொன்ன விளக்கங்கள் எல்லாவற்றையும் வரலாற்று ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. ஆனா ஒரு கதையை யார் சொல்றாங்க, அதனால் யார் கீழே தள்ளப்படுறாங்க என்று கேட்கத் தமிழில் கற்றுக்கொடுத்தவர்களில் அவர் முக்கியமானவர்.

எல்லாமே உருவகம் என்றால் சிக்கல் இல்லையா?

இருக்கு. 1870-களில் பிரெஞ்சு அறிஞர் எமில் செனார், புத்தரின் வாழ்க்கைக் கதையைச் சூரியப் புராணமாக விளக்கினார். மாரனோடு நடந்த போர் இருளோடு ஒளி நடத்தும் போர், தர்மச் சக்கரம் சூரிய வட்டம், இப்படி. நெதர்லாந்தின் கெர்ன் இன்னும் மேலே போய், கதை முழுவதையும் வானியலாகவே வாசித்தார். உருவகம் பெருகப் பெருக, நடந்து திரிந்து போதித்த மனிதரே காணாமல் போகும் நிலை வந்தது.

1896-இல் நேபாளத்தின் லும்பினியில் அசோகர் தூண் கல்வெட்டு கண்டுபிடிக்கப்பட்டது. புத்தர் பிறந்த இடம் இது என்று அதில் பொறித்திருந்தது. அதற்குப் பிறகு அவரை வெறும் சூரியனாக்குவது கடினமாகிவிட்டது.

இன்னொரு சிக்கல், யார் பேசுறாங்க என்பது. ஆயர் ஈத்தாம் கெக் லோக் சி கோயிலில் 30.2 மீட்டர் உயர வெண்கல குவான் யின் சிலை இருக்கு. அதன் முன் ஊதுபத்தியோடு நிற்கும் ஒரு பெண்மணிக்கு, குவான் யின் தன் வேண்டுதலைக் கேட்கும் ஒருத்தி. "ஆன்ட்டி, அது கருணையின் உருவகம் மட்டும்தான்" என்று பக்கத்தில் போய்ச் சொன்னால், அவருடைய வாழ்க்கையை அவருக்கே நாம் மொழிபெயர்த்துக் காட்டுவது மாதிரி ஆகிவிடும். உருவக வாசிப்பு எப்பவும் அறிவாளித்தனம் இல்லை. சில நேரம் அது வெறும் மேட்டிமை.

அப்படியே எடுத்தால் எங்கே போய் நிற்கும்?

இலங்கைக்குப் போவோம். அங்கே 5, 6-ஆம் நூற்றாண்டு வாக்கில் எழுதப்பட்ட மகாவம்சம், புத்தர் மூன்று முறை அந்தத் தீவுக்கு வந்ததாகச் சொல்லுது. முதல் வருகையில் அங்கிருந்த யட்சர்களை அச்சுறுத்தி வேறு தீவுக்கு அனுப்புகிறார். இரண்டாவதில் நாகதீபத்தில் ஒரு மணி ஆசனத்துக்காகச் சண்டையிட்ட இரண்டு நாக அரசர்களைச் சமாதானம் செய்கிறார்.

இரண்டாவது கதை எங்கேயோ கேட்டது போல இருக்கா? நம்ம மணிமேகலையிலும் இது இருக்கு. மணிபல்லவத் தீவில் நாக அரசர் இருவர் ஆசனத்துக்காகப் போரிட, புத்தர் வந்து தீர்த்து வைக்கிறார். அந்த ஆசனத்தைத் தொழுததும் மணிமேகலைக்கு முற்பிறவி தெரிகிறது. அந்தத் தீவு யாழ்ப்பாணத்தின் நயினாதீவுதான் என்று கருதுவோர் உண்டு. இன்றும் அங்கே நாகபூசணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் ஒரே கரையில் இருக்கின்றன.

சிங்களத்துக்கும் தமிழுக்கும் பொதுவான ஒரு கதை. அதன் மையமே, நாற்காலிக்காக அடித்துக்கொள்ளாதீங்க என்பதுதான். ஆனா மகாவம்சத்தை நேர் வரலாறாக, உரிமைப் பத்திரமாக வாசித்தால், "புத்தரே இந்தத் தீவை ஒரு மக்களுக்காக ஒதுக்கினார்" என்ற முடிவுக்குப் போகலாம். 20-ஆம் நூற்றாண்டில் இலங்கையின் இனவாத அரசியல் அதைத்தான் செய்தது.

அதே நூலில், தமிழ் மன்னன் எல்லாளனை வென்ற துட்டகாமினி, போரில் இத்தனை பேர் செத்தார்களே என்று வருந்துகிறான். அவனைத் தேற்ற வரும் துறவிகள், அவன் கொன்றது ஒன்றரை மனிதரைத்தான் என்கிறார்கள். மற்றவர்கள் பௌத்த நெறி ஏற்காதவர்கள் என்பதால் கணக்கில் வரவில்லை. இந்தப் பகுதியை இலங்கை அறிஞர்களே கடுமையாக விமர்சித்திருக்காங்க. எல்லாளனுக்குத் துட்டகாமினி நினைவிடம் எழுப்பி மரியாதை செய்யச் சொன்னதும் அதே மகாவம்சத்தில்தான் இருக்கு. எந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொள்கிறோம் என்பதில்தான் எல்லாமே.

செபராங் பிறையில் கிடைத்த கல்

நம்ம ஊர்ப் பக்கம் ஒரு பழைய சான்று இருக்கு. 1834-இல் ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி, இன்றைய செபராங் பிறையில் ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். ஏறக்குறைய 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, தென்னிந்திய எழுத்து வகையில் பொறித்த சமஸ்கிருதம். இப்போ அது கொல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கு. அதைச் செதுக்கச் செய்தவர் புத்தகுப்தர் என்ற கப்பல் தலைவர்.

அந்தக் கல்லில் நாகமோ மாரனோ இல்லை. நடுவில் ஒரு தூபியின் உருவம். கூடவே, அறியாமையால் வினை சேர்கிறது, வினையால் பிறப்பு வருகிறது, அறிவு வந்தால் வினை ஓயும், வினை ஓய்ந்தால் பிறப்பும் இல்லை என்ற கருத்து. அதோடு, கடல் பயணம் நல்லபடியாக முடியணும் என்ற வேண்டுதல்.

ஒரே கல்லில் தத்துவமும் இருக்கு, பாதுகாப்பாகக் கரை சேரணும் என்ற ஆசையும் இருக்கு. அந்த மாலுமி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவர் காலத்துக் கடலோடிகள் நம்பிய தெய்வத்தின் பெயரும் உங்களுக்குத் தெரியும்: மணிமேகலா. கப்பல் உடைந்து ஏழு நாள் நீந்திய மகாஜனகரைக் காப்பாற்றுவதாக ஜாதகக் கதையில் வரும் கடல் தெய்வம். நம்ம காப்பியத்தில் மணிமேகலையைத் தூக்கிக்கொண்டு மணிபல்லவத்துக்குப் போவதும் அதே தெய்வம். தாய்லாந்து மரபில் மின்னலை ஏந்தி வரும் மேகலாவும் அவள்தான்.

பூம்புகாருக்கும் நம்ம நீரிணைக்கும் இடையில் பயணம் செய்தவர்களுக்கு அவள் உருவகமா, உண்மையா? அலையைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வி ரொம்பச் சின்னதாக இருந்திருக்கும்.

அப்போ நாம எப்படி வாசிக்கிறது?

ஒரு கதையைக் கேட்டதும் நான்கு கேள்விகள் கேட்டுப் பாருங்க.

ஒன்று, இது எந்தக் காலத்து நூலில் வருது? பழைய அடுக்கா, பிறகு சேர்ந்ததா? மாரனின் படை இதற்கு நல்ல பாடம்.

இரண்டு, மரபுக்குள்ளேயே இதற்கு எத்தனை விளக்கம் இருக்கு? பெரும்பாலும் ஒன்றுக்கு மேல் இருக்கும்.

மூன்று, இப்படி வாசித்தால் யாருக்கு நன்மை, யாருக்குப் பாதிப்பு? ஒருவரை மனிதர் கணக்கிலிருந்தே நீக்கும் வாசிப்பு என்றால், அது எவ்வளவு பழையதாக இருந்தாலும் கேள்வி கேட்கலாம்.

நான்கு, எனக்கு இப்போ எது தேவை? வரலாறு எழுதணுமா, தியானம் செய்யணுமா, பக்கத்தில் நிற்பவரின் நம்பிக்கையைப் புரிஞ்சுக்கணுமா? மூன்றுக்கும் ஒரே வாசிப்பு பொருந்தாது.

வெசாக் நாளில் பாட்டியோ பக்கத்து வீட்டு ஆன்ட்டியோ நாகம் குடை பிடித்த கதையைச் சொல்லும்போது, "அது நிஜமா?" என்று உடனே குறுக்கே கேட்க வேண்டாம். "அந்த மழை எத்தனை நாள் பெய்தது?" என்று கேளுங்க. கதை தொடரும். அதில் உங்களுக்கு வேண்டியதை நீங்களே எடுத்துக்கலாம்.